வென்ற பின்னும் கேட்க வேண்டியிருந்தது

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில், விளையாட்டுக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு நிகழ்வில் விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுங்கள் என்று செயற்குழு எங்களிடம் கேட்டுக்கொண்டது. நமது கல்லூரி பெற்ற கேடயங்களையும் கிண்ணங்களையும் ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்லியிருக்கலாம். அவை மலரின் வேறு பக்கங்களில் படங்களோடு வரவிருக்கின்றன. ஆகவே நாங்கள் கூடிப் பேசி, நம்மிற் பலர் அதிகம் அறிந்திராத ஓர் அணியின் கதையைச் சொல்வதென்று முடிவுசெய்தோம். மேற்கு ஆபிரிக்காவில், நைஜீரியா நாட்டின் தேசிய மகளிர் உதைபந்தாட்ட அணிதான் அது. "சுப்பர் பல்கன்ஸ்" என்பது அதன் செல்லப்பெயர். பல்கன் என்றால் வல்லூறு.

ஏன் அந்த அணி என்று கேட்பீர்கள். பெண் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றிப் பேசும்போது, "நன்றாக விளையாடிக் காட்டுங்கள், வெற்றி பெறுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்" என்று நாம் சொல்வதுண்டு. நைஜீரியப் பெண்கள் நன்றாக விளையாடிக் காட்டினார்கள். வென்றார்கள், மீண்டும் மீண்டும் வென்றார்கள். மற்றதெல்லாம் தானாக வந்ததா என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

முதலில் அவர்களுடைய வெற்றிக் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். ஆபிரிக்க மகளிர் கிண்ணச் சுற்றுப்போட்டி 1998ஆம் ஆண்டிலிருந்து முறையாக நடைபெறுகிறது. அந்த முதலாவது போட்டியை நைஜீரியாவே நடத்தியது. தன் வலைக்குள் ஒரு பந்தைக்கூட விடாமல் அணி சம்பியனானது. இறுதியாட்டத்தில் அயல்நாடான கானாவை 2-0 என்று வென்றது. அன்றிலிருந்து 2025இல் மொரோக்கோவில் நடந்த போட்டி வரை 13 சுற்றுப்போட்டிகள் நடந்திருக்கின்றன. அவற்றில் 10 முறை கிண்ணம் நைஜீரியாவுக்குப் போயிருக்கிறது. எஞ்சிய மூன்றில் 2008, 2012 ஆகிய இரண்டை எக்குவடோரியல் கினி வென்றது. 2022இல் தென்னாபிரிக்கா வென்றது.

உலகக் கிண்ணத்தை எடுத்துக்கொள்வோம். மகளிர் உலகக் கிண்ணம் 1991இல் சீனாவில் தொடங்கியது. 2023 வரை ஒன்பது முறை நடந்திருக்கிறது. அந்த ஒன்பதிலும் ஆடிய நாடுகள் உலகில் ஏழே ஏழுதான். ஐக்கிய அமெரிக்கா, ஜேர்மனி, நோர்வே, சுவீடன், பிரேசில், ஜப்பான், ஏழாவதாக நைஜீரியா. ஆபிரிக்காவிலிருந்து வேறு எவரும் அந்த வரிசையில் இல்லை.

இன்னொரு விடயத்தையும் கவனியுங்கள். நைஜீரியாவின் ஆண்கள் அணியை உலகம் நன்கறியும். அந்த அணி முதன்முதலாக உலகக் கிண்ணத்தில் ஆடியது 1994இல். பெண்கள் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே போய்விட்டார்கள். ஆண்கள் ஆபிரிக்கக் கிண்ணத்தை 1980, 1994, 2013 என மூன்று முறை வென்றிருக்கிறார்கள். பெண்கள் வென்றதோ பத்து முறை. ஆயினும் நாட்டின் உதைபந்தாட்டம் என்றதும் கடைத்தெருவில் முதலில் பேசப்படுவது யாரைப் பற்றி என்பதை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த அணி சிரமமின்றி மேலே வந்ததென்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1991இல் சீனாவில் அவர்கள் மூன்று ஆட்டங்கள் ஆடினார்கள். ஜேர்மனியிடம் 4-0, இத்தாலியிடம் 1-0, சீன தாய்பேயிடம் 2-0 என மூன்றிலும் தோல்வி. ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அந்த முதல் உலகக் கிண்ணத்தில் ஆட்டங்கள் 90 நிமிடங்கள் அல்ல, 80 நிமிடங்கள்தான் நடந்தன. பெண்கள் முழு நேரமும் ஓடுவார்களா என்ற சந்தேகம் அன்று உலகத்தின் பெரிய இடங்களிலேயே இருந்தது.

1995இல் சுவீடனுக்குப் போனார்கள். நோர்வே அவர்களை 8-0 என்று தோற்கடித்தது. அத்தகைய தோல்விக்குப் பிறகு ஓர் அணி எப்படி அடுத்த நாள் எழுந்து பயிற்சிக்குப் போகும் என்பது, மைதானத்தில் நின்று தோற்றுப் பழகிய நம்மிற் சிலருக்குத் தெரியும். அவர்கள் எழுந்து போனார்கள். அடுத்த ஆட்டத்தில் கனடாவுடன் 3-3 என்று சமநிலை. அதற்கடுத்ததில் இங்கிலாந்திடம் 3-2 என்று தோல்வி. இரண்டு ஆட்டங்களில் ஐந்து கோல்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒன்றுகூட அடிக்காதவர்கள் அவர்கள்.

1999இல் ஐக்கிய அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணம் அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. வட கொரியாவை 2-1 என்று வென்றார்கள். அடுத்து சிக்காகோ நகரில், 65,000 பேர் கூடியிருந்த அரங்கில், போட்டியை நடத்திய அமெரிக்காவை எதிர்கொண்டார்கள். இரண்டாவது நிமிடத்திலேயே நைஜீரியா கோல் அடித்தது. அதை அடித்தவர் என்கிரு ஒகோசியேமே. தலையால் முட்டிக் கோல் அடிப்பதில் வல்லவர் என்பதால் அவருக்கு ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் "தலைமை ஆசிரியை". நம் அதிபர் அவர்கள் சிரிப்பதைப் பார்க்கிறோம். அந்த ஆட்டத்தில் முடிவு 7-1 என்று அமெரிக்காவுக்குச் சாதகமாகப் போனது. அதற்கும் அவர்கள் அசரவில்லை. டென்மார்க்கை 2-0 என்று வென்று கால் இறுதிக்குள் நுழைந்தார்கள். மகளிர் உலகக் கிண்ணத்தில் அந்த நிலைக்கு வந்த முதல் ஆபிரிக்க அணி அதுவே.

கால் இறுதியில் எதிரணி பிரேசில். இடைவேளைக்குள் பிரேசில் 3-0 என்று முன்னிலை பெற்றுவிட்டது. பலர் தொலைக்காட்சியை நிறுத்தியிருப்பார்கள். இரண்டாவது பாதியில் 63ஆவது நிமிடத்தில் ஒரு கோல். அடுத்த நிமிடமே நம் தலைமை ஆசிரியை இன்னொன்று. 85ஆவது நிமிடத்தில் மூன்றாவது. 3-3. மேலதிக நேரத்தில் முதலில் கோல் அடிப்பவருக்கே வெற்றி என்ற விதி அப்போது இருந்தது. பிரேசிலின் சிசி 104ஆவது நிமிடத்தில் தன் கோலை அடித்தார், ஆட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது. நைஜீரியா 4-3 என்று வெளியேறியது. அந்த ஒரு தோல்வியைப் பற்றிப் பேசாமல் அந்த அணியின் வரலாற்றைச் சொல்ல முடியாது.

அடுத்த தலைமுறைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1999 அணியில் ஆடிய மேர்சி அகிடே, ஆபிரிக்காவின் சிறந்த வீராங்கனை விருது 2001இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றார். பேர்பெச்சுவா என்க்வோச்சா அதே விருதை நான்கு முறை பெற்றார். லாகோஸ் நகரை அடுத்த இக்கொரொடுவில் வளர்ந்த அசிசாத் ஒஷோஆலா ஆறு முறை பெற்றார். ஒஷோஆலாவின் பெற்றோருக்கு மகள் பந்தின் பின்னால் ஓடுவது பிடிக்கவில்லை. படிப்பு கெட்டுவிடும் என்பது அவர்களுடைய பயம். நம் வீடுகளிலும் கேட்ட சொற்கள்தானே? அந்தப் பெண் பிற்காலத்தில் பார்சலோனா கழகத்துக்கு ஆடி, 2021இல் ஐரோப்பியச் சம்பியன் கிண்ணத்தை வென்றார். அதை வென்ற முதல் ஆபிரிக்கப் பெண் அவர். பின்கள வீராங்கனை ஒனோமே எபி 2003 முதல் 2023 வரை ஆறு உலகக் கிண்ண அணிகளில் இடம்பெற்றார். கடைசி முறை போனபோது அவருக்கு வயது 40.

இதுவரை சொன்னது மைதானத்துக்குள் நடந்தது. இனி மைதானத்துக்கு வெளியே நடந்ததைச் சொல்ல வேண்டும்.

தேசிய அணியில் ஆடும் ஒரு வீராங்கனைக்கு இரண்டு வகையாகப் பணம் வர வேண்டும். பயிற்சி முகாமில் இருக்கும் நாட்களுக்கு நாளாந்தக் கொடுப்பனவு ஒன்று. ஆட்டத்தில் வென்றால், சுற்றுப்போட்டியில் முன்னேறினால் ஊக்கத்தொகை மற்றொன்று. சர்வதேச அமைப்புகள் தரும் பரிசுப் பணம் நாட்டின் உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்கே போகிறது. அரசு தருவது விளையாட்டு அமைச்சின் வழியாக, ஒப்புதல்களுக்கும் கையெழுத்துகளுக்கும் காத்திருந்து வருகிறது. கடைசிப் படியில் நிற்பவர் வீராங்கனை. ஐரோப்பாவில் பெரிய கழகத்துக்கு ஆடுபவர் சில மாதங்கள் பொறுத்துக்கொள்ளலாம். உள்ளூர்க் கழகத்தில் ஆடிக்கொண்டு, வீட்டுக்கும் பணம் அனுப்ப வேண்டியவருக்கு அந்தத் தொகை வெறும் ஊக்கத்துக்கானதல்ல. அது வீட்டு வாடகை, தம்பி தங்கையின் படிப்புச் செலவு.

2004இல் தென்னாபிரிக்காவில் ஆபிரிக்கக் கிண்ணத்தை வென்ற அணி, ஊக்கத்தொகை வந்து சேரவில்லை என்று அங்கேயே ஹோட்டலை விட்டு வெளியேற மறுத்தது. கிண்ணம் கையில், பணம் இல்லை. இப்படியான நிகழ்வு அதோடு நிற்கவில்லை.

2016ஐச் சற்று விரிவாகச் சொல்கிறோம். அந்த ஆண்டு டிசம்பர் 3ஆம் திகதி, கமரூனின் தலைநகரில், சொந்த ரசிகர்கள் நிறைந்த அரங்கில் ஆடிய கமரூனை நைஜீரியா 1-0 என்று வென்றது. தேசயர் ஒபரானோசி ஆட்டம் முடியும் தறுவாயில் அடித்த கோல் அது. அணியின் பயிற்றுவிப்பாளராக இருந்தவர் புளோரன்ஸ் ஒமக்பெமி. 1991 முதல் 2003 வரை நான்கு உலகக் கிண்ணங்களில் ஆடிய முன்னாள் அணித்தலைவி அவர். நம் மொழியில் சொன்னால், அந்த அணியின் பழைய மாணவி.

கிண்ணத்தோடு அபுஜா நகருக்கு வந்து சேர்ந்தபோது அவர்களுக்குரிய பணம் தயாராக இருக்கவில்லை. அணி ஹோட்டலிலேயே தங்கியது. பணம் வரும்வரை கிண்ணத்தை ஒப்படைக்க மாட்டோம் என்றது. நாட்கள் ஓடின. டிசம்பர் 14ஆம் திகதி, நாட்டின் ஜனாதிபதி வரவுசெலவுத் திட்டத்தைச் சமர்ப்பிக்கப் பாராளுமன்றத்துக்கு வந்த அதே நாளில், வீராங்கனைகள் பதாகைகளைப் பிடித்துக்கொண்டு பாராளுமன்றத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். ஆபிரிக்காவின் சம்பியன்கள் தெருவில் நடந்து போய்த் தங்கள் சம்பளத்தைக் கேட்டார்கள். அந்தக் காட்சி உலகச் செய்திகளில் வந்தது. அதன் பின்னர்தான் பணம் விடுவிக்கப்பட்டது.

அந்த வேளையில் பொறுப்பிலிருந்த அமைச்சர் தந்த விளக்கம் எங்களை யோசிக்க வைத்தது. இந்த அணி வெல்லும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, முன்பே தெரிந்திருந்தால் ஒழுங்குகள் செய்திருப்போம் என்ற பொருளில் அவர் பேசினார். அதற்கு முன் நடந்த சுற்றுப்போட்டிகளில் பெரும்பாலானவற்றை வென்ற அணியைப் பற்றிய பேச்சு இது! ஒரு பெண் எத்தனை தடவை வகுப்பில் முதலாவதாக வந்தாலும், அடுத்த தடவையும் "எதிர்பார்க்கவில்லையே" என்று சொல்லும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அத்தோடு முடிந்ததா? கிண்ணத்தை வென்ற அந்தத் தேசிய அணிக்கு 2017ஆம் ஆண்டு முழுவதும் ஒரு சர்வதேச ஆட்டமேனும் கிடைக்கவில்லை. ஆபிரிக்காவின் சம்பியன் ஓராண்டு காலம் சும்மா இருந்தது. 2018 ஏப்ரலில் பிரான்ஸை எதிர்கொண்டபோது 8-0 என்று தோற்றது. தோல்வியைப் பார்த்தவர்கள் வீராங்கனைகளைக் குறை சொன்னார்கள். பயிற்சியும் ஆட்டமும் இல்லாமல் கால் எப்படி ஓடும் என்று கேட்டவர்கள் குறைவு. அதே ஆண்டு இறுதியில் அதே அணி மீண்டும் ஆபிரிக்கக் கிண்ணத்தை வென்றது.

2019இல் பிரான்ஸில் நடந்த உலகக் கிண்ணத்தில் தென் கொரியாவை வென்று, இருபது ஆண்டுகளுக்குப் பின் முதல் சுற்றைத் தாண்டினார்கள். ஜேர்மனியிடம் தோற்ற பிறகு, பழைய நிலுவைகளைத் தந்தால்தான் ஹோட்டலை விட்டுப் போவோம் என்று உட்கார்ந்தார்கள். 2022இல் மொரோக்கோவில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்துக்கு முன்னர், அதே காரணத்துக்காகப் பயிற்சிக்குப் போக மறுத்தார்கள்.

2023இல் அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போனபோதும் கொடுப்பனவுத் தகராறு கூடவே போனது. அந்த மனநிலையோடு அவர்கள் ஆடிய ஆட்டங்களைக் கேளுங்கள். ஒலிம்பிக் சம்பியனான கனடாவுடன் 0-0. அதில் கனடாவின் புகழ்பெற்ற கிறிஸ்டின் சின்கிளயர் அடித்த தண்ட உதையை, கோல் காப்பாளர் சியாமகா நாடோசி பாய்ந்து தடுத்தார். அடுத்து பிறிஸ்பேன் நகரில், போட்டியை நடத்திய அவுஸ்திரேலியாவை 3-2 என்று வென்றார்கள். மாற்று வீராங்கனையாக வந்த ஒஷோஆலா மூன்றாவது கோலை அடித்தார். அயர்லாந்துடன் சமநிலை. பிறகு ஐரோப்பியச் சம்பியன் இங்கிலாந்தை 120 நிமிடங்கள் கோல் அடிக்க விடாமல் நிறுத்தினார்கள். தண்ட உதைகளில்தான் 4-2 என்று தோற்றார்கள்.

தோற்ற அன்று முன்கள வீராங்கனை இஃபியோமா ஒனுமோனு செய்தியாளரிடம் மனம் திறந்து பேசினார். தாய்நாட்டில் பயிற்சிக்குப் போகும்போது மேடு பள்ளமான புற்றரையில் ஓட வேண்டியிருப்பதையும், உடற்பயிற்சிக் கூடம் இல்லாததையும், ஒரே கட்டிலை இருவர் பகிர்ந்து உறங்குவதையும் சொன்னார். உலகின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்றை இரண்டு மணி நேரம் தடுத்து நிறுத்தியவர்கள் அப்படித்தான் தயாராகி வந்தார்கள். பின்னர் வீராங்கனைகள், உலக வீரர் சங்கங்களின் கூட்டமைப்பு வழியாக, 2021 முதல் தங்களுக்கு நிலுவை இருப்பதை அறிக்கையாக வெளியிட்டார்கள்.

அந்த உலகக் கிண்ணத்தில் ஒரு மாற்றமும் நடந்தது. சர்வதேசச் சம்மேளனமான பீஃபா, ஒவ்வொரு வீராங்கனைக்கும் இவ்வளவு என்று முதன்முறையாகத் தொகையை அறிவித்தது. முதல் சுற்றில் ஆடினால் 30,000 டொலர், அடுத்த சுற்றுக்குப் போனால் 60,000 டொலர். தொகை பெரிதோ சிறிதோ, அது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்தது, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் பார்வையில் அதன் பெறுமதி அங்கேதான் இருக்கிறது.

2025 ஜூலையில் மொரோக்கோவின் ரபாத் நகரில் நடந்த இறுதியாட்டத்தைத் தவறவிட்டவர்கள் நம் பேரப்பிள்ளைகளிடம் சொல்லித் தேடிப் பாருங்கள். எதிரணி சொந்த மண்ணில் ஆடிய மொரோக்கோ. இடைவேளைக்குள் 2-0 என்று நைஜீரியா பின்தங்கியது. எஸ்தர் ஒகொரொன்க்வோ தண்ட உதையால் ஒன்று, ஃபொலஷாடே இஜமிலுசி இன்னொன்று, ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்க ஜெனிபர் எசெகினி மூன்றாவது. 3-2. பத்தாவது கிண்ணம். தலைவி ரஷீதாத் அஜிபாடே சுற்றுப்போட்டியின் சிறந்த வீராங்கனை ஆனார்.

இந்த முறை நாடு கைநிறையக் கொடுத்தது. ஜனாதிபதி ஒவ்வொரு வீராங்கனைக்கும் 100,000 டொலருக்குச் சமமான தொகையும், மூன்று அறைகள் கொண்ட ஒரு வீடும், தேசிய விருதும் அறிவித்தார். கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. அவர்கள் அதற்குத் தகுதியானவர்கள்.

ஆனால் பரிசு வேறு, கொடுப்பனவு வேறு. பரிசு கொடுப்பவரின் மனதைப் பொறுத்தது. வென்றால் வரும், தோற்றால் வராது. கமராக்கள் இருந்தால் பெரிதாக வரும். கொடுப்பனவு என்பது சொன்ன வாக்கு. முகாமுக்கு வந்த நாளுக்கு, ஆடிய ஆட்டத்துக்கு, வென்றாலும் தோற்றாலும் உரிய நாளில் வர வேண்டியது. பரிசு பெறும் பெண் நன்றி சொல்கிறாள். கொடுப்பனவு பெறும் பெண் நன்றி சொல்லத் தேவையில்லை, கையெழுத்துப் போட்டால் போதும். நைஜீரியப் பெண்கள் ஹோட்டலில் உட்கார்ந்தும் தெருவில் நடந்தும் கேட்டது இரண்டாவதைத்தான். ஒரு பெரும் பரிசு அந்தக் கேள்விக்குப் பதிலாகிவிடாது. அடுத்த முறை தோற்றுத் திரும்பும் அணிக்கும் பஸ் செலவும் நாட்கூலியும் நேரத்துக்குக் கிடைத்தால், அன்று பதில் கிடைத்துவிட்டது என்று சொல்லலாம்.

அந்த அணியிடமிருந்து நாம் கவனிக்க வேண்டிய இன்னும் இரண்டு விடயங்கள் உண்டு.

ஒன்று, அவர்கள் ஒன்றாக நின்றது. ஐரோப்பாவில் நல்ல வருமானத்தோடு ஆடுபவர்கள் அந்த ஹோட்டல் அறைகளில் உட்கார வேண்டிய அவசியமில்லை. அவர்கள் தனித்தனியே விமானம் ஏறியிருக்கலாம். 2016இல் உள்ளூர்க் கழகத்துப் பெண்ணும் வெளிநாட்டுக் கழகத்துப் பெண்ணும் ஒரே பதாகையைப் பிடித்தார்கள். தனியே ஒருத்தி கேட்டால் "வாய்க்காரி" என்று பெயர் வரும். அணியே கேட்டால் அது கோரிக்கை.

இரண்டாவது, வெளியே பிறந்து வளர்ந்தவர்கள் திரும்பி வந்தது. மிஷேல் அலோசி அமெரிக்காவில், நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் மூலக்கூற்று உயிரியல் படித்தவர். தொழில்முறையாக ஆடிக்கொண்டே ஹூஸ்டனில் உள்ள சிறுவர் மருத்துவமனையின் புற்றுநோய் ஆய்வுகூடத்தில் பணியாற்றியவர். 2025 அரையிறுதியில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக, ஆட்டம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் எண்ணிய 94ஆவது நிமிடத்தில் தொலைவிலிருந்து அவர் உதைத்த பந்துதான் அணியை இறுதிக்குக் கொண்டுபோனது. இங்கிலாந்தில் பிறந்த ஆஷ்லி பிளம்ட்ரேயின் பாட்டனார் நைஜீரியர். அந்த ஒரு உறவுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் பல்கன்ஸ் அணிக்கு ஆட வந்தார். இத்தகையவர்கள் வசதியான மைதானங்களை அறிந்தவர்கள். அதனால்தான் மேடு பள்ளமான மைதானத்தைப் பார்த்து "இது சரியில்லை" என்று சத்தமாகச் சொல்ல அவர்களால் முடிந்தது. உள்ளூரில் சொல்லப் பயந்தவர்களுக்கும் அது வாயைத் திறந்துவிட்டது.

அக்காமாரே, தங்கைமாரே, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேர்னிலும் ஒஸ்லோவிலும் இருந்து இம்மலரை வாசிக்கப்போகும் தோழிகளே, இந்த இடத்தில் கதை நம் வாசலுக்கு வருகிறது.

நம் சங்கத்தின் பலம் எதில் இருக்கிறது? நாமும் ஒரு காலத்தில் அந்த மைதானத்தில் நின்றவர்கள் என்பதில். வெற்றி பெற்ற அணிக்கு விருந்து வைப்பதும், பொன்னாடை போர்த்துவதும், படம் எடுத்து மலரில் போடுவதும் நல்ல வழக்கங்கள். அவற்றை விடச் சொல்லவில்லை. ஆனால் அவை எல்லாம் வெற்றிக்குப் பின்னால் வருபவை. மாலையில் பயிற்சி முடிந்து இருட்டும் வேளையில் வீடு போகும் பிள்ளைக்குத் தேவையானது வேறு. கால் அளவுக்குச் சரியான சப்பாத்து, பயிற்சி முடிந்ததும் ஒரு வேளைச் சாப்பாடு, போட்டிக்குப் போக வாகனம், உடை மாற்ற ஓர் அறை, அடிபட்டால் வைத்தியரிடம் கூட்டிப்போக ஒருவர். அணி முதற்சுற்றிலேயே தோற்று வந்தாலும் இவை வேண்டும்.

ஆகவே நூற்றாண்டு நிதியில் விளையாட்டுக்கென ஒதுக்கப்படும் பங்கு பற்றி, விளையாட்டுக் குழுவின் சார்பில் நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். முதலாவது, அந்தத் தொகை எவ்வளவு என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதி, பிள்ளைகளும் பார்க்கும்படி அறிவித்தற்பலகையில் இடுவோம். இரண்டாவது, போட்டி முடிவைப் பார்த்து அன்றி, பருவம் தொடங்கும்போதே அதைக் கொடுப்போம். மூன்றாவது, கிண்ணம் கொண்டுவரும் விளையாட்டுக்கு மட்டும் கொடுக்காமல், இப்போதுதான் தொடங்கியிருக்கும் அணிகளுக்கும் கொடுப்போம். எட்டுக் கோல் வாங்கிய அணிதான் நான்கு ஆண்டுகளின் பின் கால் இறுதிக்குப் போனது என்பதை நினைத்துக்கொள்வோம். நான்காவது, ஒரு பிள்ளை எழுந்து "எங்களுக்கு இது வரவில்லை" என்று கேட்டால், அவளை அடங்காதவள் என்று எண்ணாமல், கணக்கைத் திறந்து காட்டுவோம்.

பணம் அனுப்பும் தோழிகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் தூரத்தில் இருப்பதால் கேள்வி கேட்கக் கூடாது என்று நினைக்காதீர்கள். கொடுத்த பணம் எங்கே போனது என்று கேட்பது சந்தேகம் ஆகாது, அது அக்கறை. அலோசியும் பிளம்ட்ரேயும் கோல்களை மட்டும் கொண்டுவரவில்லை. எது சரியான ஏற்பாடு என்ற அளவுகோலையும் கூடவே கொண்டுவந்தார்கள். நீங்களும் கொண்டுவரலாம்.

ஒமக்பெமி ஆடி முடித்தபின் பயிற்றுவிக்க வந்தார். ஒஷோஆலா தன் பெயரில் ஓர் அறக்கட்டளை அமைத்து லாகோஸில் சிறுமிகளுக்கு உதைபந்தாட்டம் பழக வழிசெய்து கொடுக்கிறார். தமக்குக் கிடைக்காததைத் தமக்குப் பின் வருபவருக்குக் கிடைக்கச் செய்வது அவர்களிடம் ஒரு வழக்கமாகி வருகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நம் கல்லூரியின் முதற்பழைய மாணவிகள் ஒன்றுகூடி இச்சங்கத்தைத் தொடங்கியபோது அவர்கள் மனதில் இருந்ததும் அதுவே என்று நம்புகிறோம்.

அடுத்த பருவத்தில் நமது பிள்ளைகள் மைதானத்தில் இறங்கும்போது, அவர்களுக்கு வேண்டியதெல்லாம் முன்பே வந்து சேர்ந்திருக்கட்டும். கேட்டு வாங்க வேண்டிய நிலை அவர்களுக்கு வேண்டாம். அவர்கள் விளையாட்டைக் கவனிக்கட்டும், மற்றதை நாம் கவனிப்போம்.